ஆறு வயதுக்குள்ள பிள்ளையோடு சென்னையில் ஒரு காலை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னப் பிள்ளையை மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது பெரியவர்களின் முழங்காலும் செருப்பும்தான். பஜ்ஜிக் கடை, பலூன்காரர், ராட்டினம் என்று அடி எடுத்து வைக்கிற இடமெல்லாம் கேட்பதற்கு ஒன்று இருக்கும். நீங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நடப்பீர்கள், பிள்ளை அழுதுகொண்டே வரும். அதே மணலுக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். கேட்க ஒன்றும் இருக்காது, ஓட இடம் இருக்கும்.

நான் திருவான்மியூரில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது வாரக் கடைசியில் பேரனும் பேத்தியும் என் பொறுப்பு. அவனுக்கு ஐந்து வயது, அவளுக்கு மூன்று. இளம் அம்மா அப்பாக்கள் என்னிடம், “லீவு நாள்ல பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது டீச்சர்?” என்று கேட்கும்போது நான் முதலில் இடத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கிறேன். காலையில் போங்கள், ஒரே இடத்துக்குப் போங்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்புங்கள். கடற்கரை, அப்புறம் பூங்கா, அப்புறம் ஹோட்டல், அப்படியே அத்தை வீடு என்று அடுக்கினால் இரண்டாவது இடத்திலேயே பிள்ளை துவண்டுவிடும்.

மே, ஜூனில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கே வெளிச்சம் வந்துவிடும். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும். உதித்ததிலிருந்து இரண்டு மணி நேரம்தான் பிள்ளைகளுக்கு உரிய நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் காலத்தில் எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சின்ன உடம்பு பெரியவர்கள் உடம்பைவிடச் சீக்கிரம் சூடேறும். நமக்கு வியர்க்கிற வெயிலில் அதற்கு மயக்கமே வரும்.

வீட்டிலேயே விளையாடினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற விளையாட்டாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு அறை உள்ள அடுக்குமாடி வீட்டில் மூச்சு வாங்க ஓட எங்கே இடம்? கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவார். அந்த 60 நிமிடத்துக்காகத்தான் வெளியே போகச் சொல்கிறேன்.

பையில் என்ன

கடையில் விற்கிற கலர் வாளி, மண்வெட்டி செட் எல்லாம் வேண்டாம். இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு பழைய குழம்புக் கரண்டி, குளியலறை மக்கு ஒன்று. ஆளுக்கொன்று இருக்க வேண்டும். ஒன்றை இரண்டு பேருக்குக் கொடுத்தால் சண்டைதான். கொட்டாங்கச்சியின் விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். ஈர மணலை அமுக்கிக் கவிழ்த்தால் இட்லி அழகாக விழும்.

ஒரு மாற்றுத்துணி, ஒரு துண்டு, கால் கழுவ இரண்டு லிட்டர் தண்ணீர், குடிக்கத் தனியாக. சாப்பிட நெய் தடவிய இட்லியும் வாழைப்பழமும். கோடையில் உப்புப் போட்ட நீர்மோர். கிளம்புவதற்கு முன் ஒண்ணுக்குப் போகவைத்துவிடுங்கள், வரவில்லை என்று சொன்னாலும் உட்காரவையுங்கள். உடுப்பு பழைய பருத்தித் துணியாக இருக்கட்டும். புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போனால் “அழுக்காக்காதே” என்று சொல்வதிலேயே உங்கள் காலை போய்விடும்.

பெசன்ட் நகர் மணலில்

நான் போவது எலியட்ஸ் கடற்கரை. அங்கே வெள்ளையாக ஒரு மண்டபம் நிற்கிறதே, அது 1930 டிசம்பர் 30-ல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் நினைவாகக் கட்டியது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரையே இழுத்துக்கொண்ட கடல் என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும். பயமுறுத்துவதாகாது, உண்மையைச் சொல்வதுதான்.

நம் கடற்கரையில் இரண்டு மூன்று அடி உள்ளே போனாலே தரை சட்டென்று இறங்கும். திரும்பிப் போகிற அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். அதனால் என் சட்டம் இதுதான்: தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறக்கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கை. இரண்டு பிள்ளை, நீங்கள் ஒருவர்தான் என்றால் அலைப் பக்கமே போகாமல் மேட்டு மணலில் விளையாடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அலை வழக்கத்தைவிட மேலே ஏறிவரும். காற்று பலமாக இல்லாதபோதும் திடீரென்று பெரிய அலை ஏறிவருவதைக் கள்ளக்கடல் என்பார்கள், அந்த எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னால் அன்றைக்குக் கடற்கரையே வேண்டாம். போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களை அலை ஓரத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து போனைப் பைக்குள் போடுங்கள்.

அலை தொடாத, ஆனால் ஈரம் காயாத மணல் ஒரு பட்டையாக இருக்கும். விளையாட்டு முழுவதும் அங்கேதான்.

முதலில் ஊற்று. முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் அடியில் தண்ணீர் கசிந்து வரும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது ஒன்றே ஒரு காலைக்குப் போதும். மக்கில் மொண்டு குழியில் ஊற்றும், அது உறிஞ்சிப் போகும், மறுபடி மொண்டு வரும். பார்க்கிற நமக்கு அலுப்பாக இருக்கும். அதற்குள் அந்தப் பிள்ளை எத்தனை முறை குந்தி எழுந்திருக்கிறது, கனமான மக்கைச் சிந்தாமல் தூக்கி நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். குறுக்கே போய் “இப்படிப் பண்ணு” என்று சொல்லாதீர்கள். கேட்டால் மட்டும் கை கொடுங்கள். கிளம்பும்போது குழியை மூடிவிட வேண்டும், அதுவும் பிள்ளைகள் வேலையே. இருட்டில் நடப்பவர் கால் மடங்கும்.

அடுத்தது நண்டு வளை. விடியற்காலையில் மணல் நண்டுகள் வெளியே திரியும், காலடி அதிர்ந்தால் ஓடி வளைக்குள் புகும். நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு கையைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். தோளுக்கும் வயிற்றுக்கும் நல்ல வேலை. ஐந்து நிமிடத்தில் களைத்து மணலில் விழுந்து சிரிக்கும்.

காலால் மணலில் நீளமாக ஒரு கோடு இழுங்கள். கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். மூன்று வயதுக்கு நேர்கோடு, நான்கு வயதுக்கு வளைகோடு, ஐந்து வயதுக்கு அதே கோட்டில் நொண்டி. பாண்டிக் கட்டத்தையும் மணலில் வரையலாம், ஆனால் மணலில் நொண்டி அடிப்பது கடினம் என்பதால் கட்டம் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

ஐந்து வயதைத் தொட்ட பிள்ளைகளுக்கு நான் விடாமல் சொல்லிக்கொடுக்கிற விளையாட்டு கிச்சு கிச்சு தாம்பாளம். எங்கள் தலைமுறைக்குத் தெரியும், அடுத்த தலைமுறைக்குப் பேர் மட்டும் தெரியும், அதற்கடுத்ததற்கு அதுவும் தெரியவில்லை. மணலை நீளமாக, ஒரு முழத்துக்குக் கரை மாதிரி குவியுங்கள். ஒருவர் சின்னக் குச்சியை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு, கரைக்குள் கையை இப்படியும் அப்படியும் ஓட்டி எங்கேயோ ஒளித்துவிடுவார். எதிரில் இருப்பவர் இரண்டு கைவிரலையும் கோர்த்து, குச்சி இருக்கும் என்று நினைக்கிற இடத்தைப் பொத்த வேண்டும். தப்பாகப் பொத்தினால் அவர் உள்ளங்கை இரண்டிலும் மணலை அள்ளி வைத்து, நடுவில் அந்தக் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்திச் சுற்றிச் சுற்றி அழைத்துப் போய் ஓரிடத்தில் கொட்டச் சொல்ல வேண்டும். திரும்பக் கூட்டி வந்து கண்ணைத் திறந்துவிட்டால், கொட்டிய இடத்தை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நடந்த தூரம், திரும்பிய திசை, காலுக்கடியில் மணல் ஈரமா காய்ந்ததா என்று பிள்ளை மனசுக்குள் குறித்துக்கொண்டே போகும். செலவு ஒரு குச்சி.

வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கம் நடந்தால் படகும் வலையும் இருக்கும். மீன் பிரிக்கிறதைத் தள்ளி நின்று பார்க்கலாம். வலையை மட்டும் பிள்ளைகள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அவர்கள் பிழைப்பு. தூண்டில் முள் கிடக்கக்கூடிய இடம் என்பதால் அங்கே செருப்போடு நடக்கட்டும்.

கரையில் கண்ணாடி மாதிரி கொழகொழவென்று கிடப்பது சொறி, அதாவது ஜெல்லிமீன். செத்துக் கிடந்தாலும் தொட்டால் எரியும். தெரு நாய்கள் குடும்பம் குடும்பமாக மணலில் படுத்திருக்கும், தூங்குகிற நாய்ப் பக்கமும் குட்டி போட்ட நாய்ப் பக்கமும் விடாதீர்கள். கடித்தாலோ, பல்லோ நகமோ லேசாகக் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஆமைக் குஞ்சுக்கு மட்டும் சாயங்காலம்

காலை என்று இவ்வளவு சொன்னவள் ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டையை ஒட்டி இருக்கும். நாயும் மனிதரும் எடுத்துவிடாமல் தன்னார்வலர்களும் வனத்துறையினரும் அவற்றைக் கொண்டுபோய் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு 1988-லிருந்து சென்னையில் இந்த வேலையைச் செய்கிறது. ஏறக்குறைய 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு பொரித்துவிடும். மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துப் பக்கம் பொழுது சாயும் நேரத்தில் போனால், குஞ்சுகளைக் கடலுக்கு விடுவதைப் பார்க்கலாம்.

அந்தக் குழுவினரே நடத்துகிற இரவு ஆமை நடை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. நள்ளிரவில் கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடக்க வேண்டும், ஆமை வரும் என்ற உறுதியும் கிடையாது. பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். குஞ்சு விடுகிற சாயங்காலம்தான் இவர்களுக்கு.

போகும் முன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்போம், தொடமாட்டோம், செல்போன் லைட் அடிக்கமாட்டோம். குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கமாகப் போகிற பிராணி. கடல்மேல் தெரிகிற வெளிச்சத்தை நம்பித்தான் அது தண்ணீருக்குப் போகும். நம் லைட்டைப் பார்த்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். முன்வரிசையில் பிள்ளைகளைக் குந்தவைத்து, பெரியவர்கள் பின்னால் நில்லுங்கள். பெரியவர்கள் முன்னால் நின்று வீடியோ எடுக்க, பிள்ளைகள் பின்னால் நின்று அழுவதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். செத்த ஆமை ஒதுங்கிக் கிடக்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பிள்ளை கேட்கும், “ஏன் பாட்டி தூங்குது?” தூங்குகிறது என்று சொல்லிவிடாதீர்கள். செத்துவிட்டது, ஆமை மூச்சு விட மேலே வரவேண்டும், வலையில் மாட்டிக்கொண்டால் வர முடியாது என்று இருப்பதைச் சொல்லுங்கள். என் பேரன் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். கேட்கட்டும். வலை போடுகிறவர்களைத் திட்டுகிற பேச்சு மட்டும் வேண்டாம். நம் குழம்பில் விழுகிற மீனும் வலையில் வந்ததுதான்.

பறக்கும் ரயில்

காசு அதிகம் செலவழிக்காமல் ஒரு காலை வேண்டும் என்றால் திருவான்மியூரில் ஏறிக் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புங்கள். ஐந்து வயதுக்குள் டிக்கெட் கிடையாது. ஞாயிறு காலை கூட்டம் இருக்காது. தண்டவாளம் மேலே தூண்களில் ஓடுவதால் ஜன்னலோரத்தில் வீடுகளின் மொட்டை மாடி, பக்கிங்ஹாம் கால்வாய், கோட்டூர்புரத்துக்கு அந்தப் பக்கம் அடையாறு என்று எல்லாம் கீழே தெரியும்.

ரயிலைவிட நிலையம்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டு. பெரிய பெரிய கூடங்கள், குரல் கொடுத்தால் திரும்பி வரும், ஏறி இறங்க எத்தனையோ படி. லிஃப்ட் பக்கம் போகாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை கைப்பிடியைப் பிடித்து ஒரு படிக்கு ஒரு கால் வைத்து ஏறட்டும். ஐந்து வயது எண்ணிக்கொண்டே ஏறட்டும். நடைமேடைக்கு வந்ததும் விளையாட்டு நின்றுவிட வேண்டும். அங்கே கையை விடக்கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது, ரயிலுக்கும் மேடைக்கும் உள்ள இடைவெளியில் கால் வைக்காதபடி பிள்ளையைத் தூக்கி ரயிலுக்குள் வைத்துவிடுங்கள். வாசல் ஓரம் உட்கார வேண்டாம், கதவு திறந்தேதான் ஓடும்.

கலங்கரை விளக்கத்தில் இறங்கி மெரினாவுக்கு நடந்துவிடலாம். தாத்தா சக்கர நாற்காலியில் வருகிறார், கைக்குழந்தை வண்டியில் இருக்கிறது என்றால், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் போட்ட மரப்பாதைக்கு ஆட்டோவில் போய்விடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்டது, சக்கரம் மணலில் புதையாமல் கடலுக்குப் பக்கத்தில் போகலாம்.

மாமல்லபுரத்துச் சறுக்கு

வருஷத்தில் ஒன்றிரண்டு முறை தூரமாகப் போகலாம் என்றால் மாமல்லபுரம். சிற்பங்களைப் பற்றி நான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லிக் கொல்லாதீர்கள். அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பத்தில் தவம் செய்கிற பூனை எங்கே இருக்கிறது, அதன் காலடியில் எலி எங்கே என்று தேடச் சொல்லுங்கள், அது போதும். அப்புறம் நேராகக் கிருஷ்ணன் வெண்ணெய் உருண்டை என்கிற பெரிய உருண்டைப் பாறை. அங்கே சரிவாகக் கிடக்கிற பாறையில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி ஒரு தடமே வழவழப்பாக இருக்கிறது. உருண்டைக்கு நேர் கீழே இல்லாமல், தள்ளி, சரிவு மெதுவாக முடிகிற இடமாகப் பாருங்கள். பழைய முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள். முதல் இரண்டு தடவை உங்கள் மடியில் வைத்துச் சறுக்குங்கள். எட்டரைக்கு மேல் பாறை சுடும். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையை வெளியே எடுக்காதீர்கள். போகிற வழியில் சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் நிறுத்தினால் புல்தரையும் நிழலும் இருக்கும், கொண்டுபோன இட்லியை அங்கே சாப்பிடலாம்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலை பற்றிக் கேட்பீர்கள். 602 ஹெக்டேர். முழுவதையும் பார்க்க நினைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் நடப்பீர்கள். மூன்றே விலங்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள், நீர்யானை அதில் ஒன்றாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டு வயதுக்கு வண்டலூரைவிடக் கிண்டி சிறுவர் பூங்கா தோது, மானும் பறவையும் பக்கத்திலேயே இருக்கும்.

மால்களில் உள்ள விளையாட்டுக் கூடங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. நிமிடத்துக்குக் காசு, காதைப் பிளக்கும் பாட்டு. ஊற்று தோண்டுகிற பிள்ளையின் முகத்தில் இருக்கும் கவனம் அங்கே எந்தப் பிள்ளை முகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில்

தூறல் நாளில் மழைக்கோட்டு போட்டுத் தெருவில் கொஞ்சம் நடக்கவிடலாம். நீங்கள் நேற்று வரை பார்த்த, தரை தெரிகிற குட்டையில் மட்டும் குதிக்கட்டும். தேங்கிய தண்ணீருக்கடியில் திறந்த சாக்கடை இருக்கலாம். மின்சாரப் பெட்டி, கம்பம், ஸ்டே கம்பி எதற்குப் பக்கத்திலும் போகவே கூடாது. பலத்த மழை என்றால் எழும்பூர் அருங்காட்சியகம் (வெள்ளிக்கிழமை விடுமுறை). அங்கே தொங்குகிற திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே தலையிலிருந்து வால் வரை எத்தனை எட்டு என்று எண்ணி நடக்கச் சொல்லுங்கள். பெரியவன் எட்டும் சின்னவள் எட்டும் வேறு வேறு கணக்கு வரும், அதில் ஒரு அரைமணி ஓடிவிடும்.

கிளம்புகிற நேரம்

எல்லா அம்மாக்களும் பயப்படுவது இதற்குத்தான். “கிளம்பலாம் வா” என்று திடீரென்று இழுத்தால் எந்தப் பிள்ளையும் அழும். “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்றாலும் பயனில்லை, அந்த வயதுக்கு நிமிடம் தெரியாது. அங்கன்வாடியில் நாங்கள் செய்தது: எண்ணக்கூடிய வேலையாகச் சொல்வது. “இன்னும் நாலு மக்கு தண்ணி ஊத்து, அப்புறம் குழிய மூடு, அப்புறம் கால் கழுவலாம்.” நாலாவது மக்கு ஊற்றியதும் நீங்களும் சொன்ன சொல்லில் நிற்க வேண்டும். ஐந்தாவதுக்கு விட்டீர்களானால் அடுத்த வாரம் ஐம்பது கேட்கும்.

காலைக் கழுவி, விரல் இடுக்கில் மணல் இல்லாமல் துடைத்து, உலர்ந்த துணியை மாற்றிவிட்டு ஆட்டோ ஏறுங்கள். வழியிலேயே தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். குளிப்பாட்டுவதை மத்தியானத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம், தலையணையில் கொஞ்சம் மணல் விழுந்தால் உதறிக்கொள்ளலாம்.